மூச்சடைத்தால் இதயம் ஏன் நிதானிக்கிறது?

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி மாட்டிப் பார்த்தோம். விடியற்காலை 3 மணிக்கு இதயம் 3 வினாடி நின்றிருக்கிறதாம். பகலில் வலை இழுக்கிறார், மயக்கம் வந்ததே இல்லை. பேஸ்மேக்கர் வைக்கணுமா?”

ஈசிஜி தாளில் 3 வினாடி என்றால் பதினைந்து பெரிய கட்டங்கள். அவ்வளவு தூரம் கோடு நேராகப் போவதைப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

தூக்கத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும். அது சுரக்கும் அசிட்டைல்கோலின், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை மந்தமாக்கும். நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இரவில் 2 வினாடி இடைவெளி வருவதுண்டு. சரி, அப்பாவுக்கு?

முதலில் நான் கேட்பது, அவர் குறட்டை விடுவாரா என்பதைத்தான். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் கரோட்டிட் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் அது இரண்டு உத்தரவு போடும்: மூச்சை வேகமாக இழு, இதயத்தை மெதுவாக்கு. மூச்சு உள்ளே போனால் நுரையீரல் விரியும். அந்த விரிவே இரண்டாவது உத்தரவை அமுக்கிவிடும், இதயம் வேகமெடுக்கும். பாதை அடைத்திருந்தால் நுரையீரல் விரியாது, பிரேக் மட்டும் வேலை செய்யும். கடலில் மூச்சடக்கி முழுகுபவரின் இதயம் மெதுவாவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். இருக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது! அப்புறம் ஒரு பெரிய உறுமலோடு தொண்டை திறக்கும், இதயம் தடதடவென ஓடும்.

இதற்கு பேஸ்மேக்கர் அல்ல, மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, தைராய்டு குறைவு, முதுமையில் தேய்ந்த சைனஸ் கணு ஆகியவையும் காரணமாகலாம். பகலிலும் இடைவெளி வந்தாலோ மயக்கம் வந்தாலோ கதையே வேறு, தாமதிக்கக் கூடாது.

‘குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார்’ என்று நம் வீடுகளில் சொல்வதை நிறுத்த வேண்டும். தூங்கும்போது மூச்சு நிற்கிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்று இரவு அப்பா தூங்கும்போது போனில் ஒரு மணி நேரம் வீடியோ எடுங்கள். ஹோல்டர் ரிப்போர்ட்டோடு அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.