பொய்யா, கொய்யா: எதுகை சொல்லைப் பிடித்துத் தருவது எப்படி?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை நடை போகும் நண்பர் கூட்டம் ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நடை முடிந்ததும் டீக்கடை. டீ வருவதற்குள் நாளிதழில் வரும் எழுத்து மாறாட்டப் புதிர். விடையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அந்தச் சொல்லை வைத்து இரண்டு வரி கட்டிச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. எதுகை கட்டாயம். பொருள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கொய்யா விடையாக வந்த அன்று ஒருவர் கட்டியது:

பொய்யா சொல்வேன், முக்குறுணிப் பிள்ளையாரே?
கொய்யா கடித்தது நானில்லை, அணிலாரே!

வாசகரின் கேள்வி இதுதான்: "விடையை மட்டும் தேடும்போது முட்டி நிற்கிற மூளை, எதுகையோடு தேடச் சொன்னால் சட்டென்று சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. நிபந்தனை கூடினால் வேலை கடினமாகத்தானே வேண்டும், எப்படிச் சுலபமாகிறது?"

நல்ல கேள்வி. முதலில் புதிரை முடித்துவிடுவோம். உதாரணத்துக்கு, எழுத்து மாறாட்டத்தில் வந்த டி, ங், சு, கு என்ற நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். ஆனால் யாரும் 24-ஐயும் போட்டுப் பார்ப்பதில்லை. ங் சொல்லுக்கு முதலில் வராது. டப்பா, டமாரம் மாதிரி சொற்களைத் தவிர்த்தால் டகரமும் வராது. ங்-க்கு அடுத்து, அங்ஙனம் போன்ற சிலவற்றை விட்டால், ககர வரிசைதான் வரும். ஆக 'ங்கு' ஒட்டிக்கொண்டது. முதலிடத்துக்கு 'சு' ஒன்றே மிச்சம். சுங்குடி அல்லது சுடிங்கு, அவ்வளவுதான். மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியம் வகுத்த விதிகளைப் பள்ளியோடு மறந்திருப்போம், ஆனால் வாய் மறக்கவில்லை. தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய அந்தக் கட்டுரையிலேயே குறுக்கெழுத்தைப் பற்றி ஒரு பத்தி உண்டு. எழுத்துகள் எப்படி வேண்டுமானாலும் சேரலாம் என்ற மொழியில் எதை நிரப்பினாலும் அது குறுக்கெழுத்து ஆகிவிடும். கட்டுப்பாடு மிகுந்துவிட்டால் பெரிய குறுக்கெழுத்தை அமைக்கவே முடியாது. சொல் விளையாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்கிறது.

சரி, எதுகைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

நினைவு என்பது வரிசையாக எழுதிவைத்த பட்டியல் என்று நினைத்தால் வாசகரின் சந்தேகம் நியாயமானதே. பட்டியலில் மேலிருந்து கீழே தேடுகிறவருக்கு ஒவ்வொரு நிபந்தனையும் கூடுதல் சுமைதான். ஆனால் மூளையில் சொற்கள் அப்படி இல்லை. பொருளால் நெருங்கியவை ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒலியால் நெருங்கியவையும் இணைந்திருக்கின்றன. ஒரு சொல் விழித்தால் அதைச் சுற்றியுள்ளவையும் லேசாக விழிக்கும். இந்தக் கருத்தை ஆலன் காலின்ஸும் எலிசபெத் லாஃப்டஸும் 1975-இல் விரிவாக எழுதினார்கள்.

இப்போது 'ஒரு பழம்' என்ற துப்பைக் கொடுங்கள். மா, பலா, வாழை, கொய்யா, மாதுளை என்று பத்திருபது சொற்கள் லேசாக விழிக்கும். பெரும்பாலும் வாழையோ மாம்பழமோதான் வாய்க்கு வரும். கொய்யா விழித்துத்தான் இருக்கிறது, வெளியே வரும் அளவுக்கு வலு இல்லை. அடுத்து 'பொய்யா' என்ற துப்பு மட்டும். மெய்யா, நெய்யா, செய்யா, கொய்யா எல்லாம் எழுகின்றன. இங்கேயும் கொய்யா கூட்டத்தில் ஒன்று. இரண்டு துப்பையும் ஒருசேரக் கொடுத்தால்? பழங்களுக்குப் பொருள் பக்கத்திலிருந்து மட்டும் தூண்டல். மெய்யா, நெய்யாவுக்கு ஒலிப் பக்கத்திலிருந்து மட்டும். இரு பக்கமும் தூண்டல் பெறுவது கொய்யா ஒன்றுதான். இரண்டு சிறு தூண்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாசலைத் தாண்டிவிடுகின்றன. கீழமாசி வீதியில் கடை என்றால் தேடி அலைய வேண்டும், தெற்குமாசி வீதி என்றாலும் அப்படியே. இரண்டும் சந்திக்கும் முனையில் என்றால் நேரே போய் நின்றுவிடலாம் இல்லையா?

டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் 1989-இல் இதை ஆங்கிலத்தில் சோதித்துக் காட்டினார்கள். பொருள் துப்பு மட்டும் தந்தபோது எதிர்பார்த்த சொல்லைச் சொன்னவர்கள் குறைவு. ஒலித் துப்பு மட்டும் தந்தபோதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத் தந்தபோது ஏறக்குறைய எல்லோரும் அதே சொல்லைச் சொன்னார்கள். சின்ன எண்ணையும் சின்ன எண்ணையும் கூட்டினால் வருவதைவிட விடை பல மடங்கு பெரிது. இந்த முடிவை முதலில் படித்தபோது எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

எதுகை இதற்கென்றே செய்த துப்பு மாதிரி இருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் அது எதுகை ஆகாது. முதல் எழுத்தும் அளவில் ஒத்துப்போக வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பொய்' என்பதற்குக் 'காய்' எதுகை ஆகாது. அதாவது சொல்லின் தொடக்கமே ஏறக்குறைய நமக்குக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. ஒலிப் பக்கம் இவ்வளவு இறுகிய பிறகு பொருள் லேசாகத் தொட்டாலே போதும்.

துப்பு சேர்ந்தும் விடை வராத நேரமும் உண்டு. இதைப் பாருங்கள்: ஓலை, மரம், வெல்லம். மூன்றோடும் சேரும் ஒரே சொல் எது? பலருக்கு முதலில் தென்னை வந்து நிற்கும். ஓலைக்கும் மரத்துக்கும் அது பொருந்துவதால் நகர மறுக்கும். ஒவ்வொரு முறை தேடும்போதும் இன்னும் வலுவாகும். தேடுவதை விட்டுவிட்டு டீயை ஆற்றும்போது தென்னை தணியும். அதுவரை அமுங்கிக் கிடந்த பனை மேலே வரும். இந்த மாதிரி மூன்று சொல் புதிர்களைக் கொடுத்து மார்க் யங்-பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர் மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள், 2004-இல் வெளியானது. விடை பளிச்சென்று வந்ததாகச் சொன்னவர்களிடம், பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.3 வினாடி முன்பு, வலது காதுக்கு மேலே காமா அலைகள் திடீரென்று எழுந்தன. அதற்கும் முன்னால் தலையின் பின்பக்கம் ஆல்ஃபா அலைகள் கூடின. பார்வைச் செய்திகளை மூளை கொஞ்சம் தள்ளி வைக்கிறது என்று இதற்கு ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். யோசிக்கும்போது நாம் எங்கேயோ வெறித்துப் பார்ப்பது ஞாபகம் வருகிறதா?

நண்பர்கள் அடிக்கும் சிரிப்புக்கும் இதில் பங்குண்டு. ஆலிஸ் ஐசன் குழு 1987-இலேயே, நகைச்சுவைப் படத்துண்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் பளிச்சென்று தீர்க்க வேண்டிய புதிர்களை அதிகம் தீர்த்ததைக் காட்டியது. அணிலாரைக் கேட்டுச் சிரித்த கையோடு அடுத்த புதிரை எடுப்பது நல்ல உத்தி. நாமே உருவாக்கிய சொல் படித்த சொல்லைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பதும் 1978 முதல் தெரிந்த விஷயம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வலது காதுக்கு மேலே என்றதும் 'வலது மூளைக்காரர்கள்தான் கவிஞர்கள்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். சொல் தேடும்போது இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன. அதைவிட மோசமானது 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் கோடை விடுமுறையில் நடக்கும் வகுப்புகள். நடுமூளையின் முக்கிய வேலைகளில் ஒன்று கண்ணசைவைக் கவனிப்பது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் வித்தையெல்லாம் அதற்குக் கிடையாது. குழந்தை படிப்பது மூக்கோர இடுக்கு வழியாக. அந்தக் கட்டணத்தில் வீட்டுக்கு இரண்டு வருடம் நாளிதழும் குழந்தைகள் இதழும் வாங்கலாம்.

மேலே சொன்ன சோதனைகள் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் நடந்தவை. அவர்கள் பாட்டில் ஒலி ஒத்துவருவது சொல்லின் வாலில், எதுகையிலோ தலைப்பக்கம். தலையில் கிடைக்கும் துப்பு வாலில் கிடைப்பதைவிட வலுவானதா என்பதைச் சோதிக்கத் தமிழைவிடத் தோதான மொழி எது? பெரிய செலவும் ஆகாது. காமராசர் பல்கலைக்கழகமும் உலகத் தமிழ்ச் சங்கமும் இருக்கிற ஊர் இது. யாப்பு தெரிந்தவரும் உளவியல் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார ஒரு சிறு நிதி ஒதுக்கினால் போதும். மொழிப் பெருமை பேசும் மேடைக்கு ஆகும் செலவில் இது சிறு துளி.

அதுவரை வீட்டில் செய்து பாருங்கள். ஒருவரிடம் 'ஒரு பறவை சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இன்னொருவரிடம் 'வெயிலுக்கு எதுகை சொல்லுங்கள்'. மூன்றாமவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மயிலோ குயிலோ வந்துவிடும். இரண்டுமே சரியான விடை என்பதால், எது முந்துகிறது என்பது அவர் மனத்தில் ஏற்கெனவே எது பாதி விழித்திருந்தது என்பதைப் பொறுத்தது. திருப்பரங்குன்றம் போய்வந்த கையோடு இருப்பவரிடம் மயில்தான் முந்தும் என்பது என் ஊகம். கேட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்; பறவையை முதலில் சொன்னீர்களா, வெயிலை முதலில் சொன்னீர்களா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.