பாஸ்டர்: போதகரா, ஆயரா, மேய்ப்பரா?

பாஸ்டர் என்பது லத்தீன் சொல். ஆடுமாடு மேய்ப்பவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். 'பாஸ்கெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. அந்த வினைக்கு மேய்த்தல் என்றும் பொருள், தீனி கொடுத்தல் என்றும் பொருள். மேய்ச்சல் நிலத்தை ஆங்கிலத்தில் 'பாஸ்ச்சர்' என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல் இது.

சென்னையில் இந்தச் சொல் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொது அல்ல. கத்தோலிக்க வீடுகளில் ஃபாதர் என்பார்கள், வயதானவர்கள் சாமி என்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் ஐயர், ஆயர், குருவானவர் என்று சபைக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும்தான் பாஸ்டர் என்பது அன்றாடப் பேச்சு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் சின்னச் சின்ன சபைகளின் பலகையில் 'போதகர்' என்று எழுதியிருக்கும். வாசலில் நிற்பவரைக் கேட்டால் "பாஸ்டர் உள்ளே இருக்கார்" என்பார்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, அப்படி ஒரு பாஸ்டர். அவர் இறந்தபின் கல்லறைக் கல்லில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. பெரிய மாமா போதகர் என்றார். சித்தி, எல்லாரும் கூப்பிட்டபடி பாஸ்டர் என்றே இருக்கட்டும் என்றாள். சி.எஸ்.ஐ.யில் கல்யாணம் முடித்துப் போன பெரியம்மாவுக்கு ஆயர் என்பதுதான் மரியாதையாகப் பட்டது. அப்போதுதான் நான் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாதிரியார் என்பதும் பாஸ்டர் என்பதும் காதில் ஒன்றுபோல் விழுவதால் இரண்டும் ஒரே சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிரி போர்த்துக்கீசிய 'பாத்ரே'யிலிருந்து வந்தது. அதற்குத் தகப்பன் என்று பொருள். வேர் வேறு, உறவும் வேறு. ஒன்றில் அப்பா, மற்றதில் மேய்ப்பர்.

அடுத்து போதகர். இது வடமொழி வழியாக வந்தது. 'புத்' என்ற வேருக்கு விழித்தல், அறிதல் என்று பொருள். புத்தர், போதி, போதனை எல்லாம் ஒரே குடும்பம். அறிய வைப்பவர் போதகர், அதாவது ஆசிரியர். 1871-ல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் தமிழ் வேதாகமத்தில் இயேசுவைப் பலர் "போதகரே" என்று கூப்பிடுவார்கள். அங்கே மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'திதாஸ்கலோஸ்', ஆசிரியர்.

பாஸ்டருக்கு நேரான கிரேக்கச் சொல் வேறு. அது 'பொயிமேன்', மேய்ப்பர். புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 4-ஆம் அதிகாரத்தில் சபைப் பணிகளை வரிசையாகச் சொல்லும்போது, "சிலரை மேய்ப்பராகவும் போதகராகவும் ஏற்படுத்தினார்" என்று இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வரும். கிரேக்கத்தில் அந்த இரண்டையும் ஆங்கிலத்தின் 'the' போன்ற ஒரே சுட்டுச்சொல் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் இரண்டும் ஒரே ஆளின் வேலை என்று வாசிப்பவர்கள் பலர். இரண்டில் ஒன்று நம் சபைப் பலகைகளில் ஏறியது. மற்றது பலகைக்கு வரவே இல்லை. வராமல் போனது எனக்கு இழப்பாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் தாத்தாவிடம் நான் பார்த்த ஊழியத்தில் பெரும்பகுதி, வராமல் போன அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

தாத்தா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வெல்டர். 1955-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அவர் இளவயதில் உள்ளே போய், ஷெல் பிரிவிலேயே காலம் முழுக்க ரயில் பெட்டியின் கூடுகளுக்குப் பற்றவைத்தார். 58 வயதில் ஓய்வு. அப்போது மத்திய அரசு வேலையில் அதுதான் வயது, 1998-ல்தான் அது 60 ஆனது. கையில் வந்த பணத்தில் அயனாவரத்தில் வீட்டை முடித்தார். அப்புறம் ஒருநாள், வேதாகமக் கல்லூரியில் சேரப்போவதாகப் பாட்டியிடம் சொன்னார். பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அதற்கு முன்பு சபையில் அவர் 'பிரதர்'. படிப்பு முடிந்து கை வைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த நாளிலிருந்து 'பாஸ்டர்'. தெருப்பிள்ளைகளுக்கு மட்டும் 'பாஸ்டர் தாத்தா'.

அவருடைய பிரசங்கம் சின்னது. சத்தம் போட மாட்டார், ஒரு வசனத்தை எடுத்தால் அதை விட்டு நகர மாட்டார். சிலருக்கு அது போதவில்லை என்பதும் உண்மை, வேறு சபைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் சபையில் யார் எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டான்லிக்கும் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் டிபன் கேரியரோடு போவார். அடித்தட்டில் கஞ்சி, மேல்தட்டில் துவையல். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் சாப்பிட வைப்பார். மழை பெய்து வியாசர்பாடியில் தண்ணீர் ஏறினால், மொட்டைமாடியில் ஷீட் போட்டு நடத்திய அந்தச் சபைதான் அடுத்த சில நாளைக்குச் சமையல்கூடம். விசுவாசிகள் அல்லாதவர்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். 'பாஸ்கெரே'வுக்குத் தீனி கொடுத்தல் என்ற பொருளும் உண்டு என்று படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை, அந்த டிபன் கேரியரே போதுமாக இருந்தது.

தமிழின் 'மேய்' என்ற வினையிலும் இந்த அழகு இருக்கிறது. ஆடு மேய்கிறது என்றால் தானே தின்கிறது, தன்வினை. ஆட்டை மேய்க்கிறார் என்றால் தின்னவைக்கிறார், பிறவினை. ஓட்டுவதும் அடக்குவதும் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்கள். இன்று "பத்துப் பேரை வைத்து மேய்க்க முடியவில்லை" என்று ஆபீசில் சொல்லும்போது அந்த ஒட்டிக்கொண்ட பொருள்தான் முன்னால் நிற்கிறது. மேய்ப்பர் என்ற சொல்லைச் சிலர் ஒதுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மனிதரை ஆடு என்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதத்தைச் சாவு வீட்டில் சொல்லும்போது யாரும் தன்னைத் தாழ்த்தியதாக நினைப்பதில்லை. பசியில்லாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அங்கே கேட்கிறது.

இனி ஆயர். தனித்தமிழ் வேண்டுபவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. 'ஆ' என்றால் பசு, ஆயர் முல்லை நிலத்து மக்கள். அப்படியானால் மாட்டுக்காரரைத்தானே குறிக்கும், ஆட்டுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் அதைத் தீர்க்கின்றன. கோவினத்து ஆயர் பசு வைத்திருப்பவர்கள், கோட்டினத்து ஆயர் எருமை, புல்லினத்து ஆயர் ஆடு. ஆக, ஆடு மேய்ப்பவரும் ஆயர்தான். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 23-ஆம் சங்கீதத்தை "ஆண்டவரே என் ஆயர்" என்றே தொடங்குகிறது.

சிக்கல் வேறு இடத்தில். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர், பேராயர் அவருக்கும் மேலே. சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் ஒரு சபையின் குரு, மறைமாவட்டத் தலைவருக்குத்தான் பேராயர் என்று பெயர். சாந்தோம் பேராலயத்தின் பேராயரும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவான புனித ஜார்ஜ் பேராலயத்தின் பேராயரும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறார்கள். இரண்டு சபைகளின் படிநிலையில் அந்தச் சொல் நிற்கும் படிதான் வேறு. ஒரே நகரத்தில் ஒரு சொல் இப்படி இரண்டு உயரத்தில் நிற்கும்போது, தனிச் சபை நடத்திய ஒரு வெல்டரின் கல்லில் ஆயர் என்று போட்டால் படிப்பவர் தடுமாறுவார். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

ஐயர் என்ற வழக்கு எனக்குப் பிடிக்கும். ஐ என்றால் தலைவன், ஐயன் என்றால் தகப்பன், மூத்தவன். சீகன்பால்கு ஐயர், போப் ஐயர் என்று வெளிநாட்டு மிஷனரிகளை அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் இன்று சென்னையில் ஐயர் என்றதும் வேறொரு சமூகத்தின் பெயராகத்தான் கேட்கும். சபைக்குள் மட்டுமே செல்லும் சொல் அது.

மூப்பர் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், தாத்தாவுக்கு மிகப் பிடித்தது அதுதான். கிரேக்கத்தில் 'பிரெஸ்பிட்டரோஸ்', வயதில் மூத்தவர். ஆங்கிலத்தின் 'ப்ரீஸ்ட்' இந்தச் சொல் தேய்ந்து வந்ததே. வயதான பிறகு என்ன ஊழியம் என்று கேட்டவர்களிடம் அவர் பேதுருவின் முதல் நிருபத்தைக் காட்டுவார். அதில் பேதுரு தன்னை 'உடன்மூப்பன்' என்று சொல்லிக்கொண்டு, மந்தையை மேய்க்கும்படி மற்ற மூப்பர்களைக் கேட்டுக்கொள்வார். பேதுருவும் தொழில் மாறியவர்தானே. வலை வீசியவரிடம் இயேசு "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தாத்தா எங்களைக் கேட்பார். யோவான் 21-ல் அந்தக் கட்டளை மூன்று முறை வரும். கிரேக்கத்தில் இரண்டு வெவ்வேறு வினைகள். முதல் முறையும் மூன்றாம் முறையும் தீனி கொடு என்பதற்கான சொல், நடுவில் மேய்த்துக் காப்பாற்று என்பதற்கான சொல். 1871-ன் பழைய திருப்புதலில் மூன்றும் 'மேய்ப்பாயாக'தான். திருவிவிலியம் 'பேணி வளர்' என்றும் 'மேய்' என்றும் பிரித்துக் காட்டுகிறது. பேணி வளர் என்பது அருமையான தேர்வு என்று நினைக்கிறேன்.

சரி, எது சரியான தமிழ்? என் முடிவு இது. பொருளுக்கு நேரானது மேய்ப்பர். கடிதத்தாள், ரசீது, பலகையில் போதகர் நிலைத்துவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆனால் அது பாஸ்டரின் மொழிபெயர்ப்பு என்று சொல்லக்கூடாது. வாயால் கூப்பிட பாஸ்டர் இருக்கட்டும். கல்லில் எங்கள் வீடு போட்டது 'மேய்ப்பர்'. கல் செதுக்கியவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பாஸ்டரம்மா என்ற சொல் மிச்சம் இருக்கிறது. சி.எஸ்.ஐ.யில் ஐயரம்மா என்பதுபோல், இதற்குப் பாஸ்டரின் மனைவி என்று பொருள். பாட்டிக்கு அந்தப் பெயரை யாரும் பிரதிஷ்டை செய்து கொடுக்கவில்லை. ஐ.சி.எஃப். பென்ஷனில் வீட்டையும் நடத்தி, அந்தக் கேரியர் கஞ்சியையும் காய்ச்சியது அவர்தான். இப்போது பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013-ல் நந்தியாலில் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றார். பெண் பாஸ்டரையும் நம் ஊரில் பாஸ்டரம்மா என்றே அழைக்கிறார்கள், அதனால் அவர் ஊழியக்காரரா, ஊழியக்காரரின் மனைவியா என்று தெரிவதில்லை. மேய்ப்பர் என்ற அர் ஈற்றுச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சித்தி மகள் இப்போது இறையியல் படிக்கிறாள். பட்டம் பெற்றதும் தன்னை மேய்ப்பர் என்றே எழுதிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பாஸ்டரம்மா என்பது பாட்டியின் பெயர், அது பாட்டிக்கே இருக்கட்டும் என்கிறாள்.