இரண்டு கிதாரும் காணாமல் போகும் 2அஆவும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராக் இசைக்குழுக்களில் இரண்டு கிதார் கலைஞர்கள் ஒரே மெட்டை, ஒருவர் மேலே ஒருவர் கீழே என்று இணைந்து வாசிக்கிறார்கள். ஒரு கிதாரிலேயே ஆறு கம்பி இருக்கிறதே, ஒருவரே இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினால் அதே இரண்டு சுரமும் வந்துவிடாதா? எதற்கு இன்னொருவருக்குச் சம்பளம்? கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்பில் ஒயரைச் செருக இரண்டு ஓட்டை இருக்கிறதே, குறைந்தபட்சம் ஒரே ஆம்பையாவது இருவரும் பகிர்ந்துகொள்ளக் கூடாதா?"

இதற்கு ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அவர்கள் இருவருக்கும் அப்படியொரு மனப்பொருத்தம்" என்பது. ஜாதகம் பார்த்துச் சேர்த்துவைத்த மாதிரி பேசுவார்கள். மனப்பொருத்தம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த பதில் பள்ளிக்கூட அல்ஜீப்ராவில் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். கம்பி அதிர்கிறது, பிக்கப்பில் உள்ள காந்தமும் சுருளும் அதை மின்னலையாக மாற்றுகின்றன, ஆம்ப் அந்த அலையைப் பெரிதாக்குகிறது. ஆம்ப் நேர்மையாக நடந்துகொண்டால், உள்ளே போனதன் பெரிய நகல்தான் வெளியே வரும். ஆனால் ராக் கிதாருக்கு அந்த நேர்மை வேண்டாம். ஆம்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்குகிறார்கள். அலையின் உச்சி மேலே இடித்துத் தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்த உறுமலைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம்.

வெட்டுப்பட்ட அலையைக் கணிதத்தில் எழுதினால், உள்ளே போன அலையோடு அதன் வர்க்கமும், கனமும், இன்னும் மேலே உள்ள அடுக்குகளும் கலந்திருக்கும். ஒரே சுரம் போனால் பிரச்சினை இல்லை. 440 ஹெர்ட்ஸ் போனால் 880, 1320 என்று அதன் மடங்குகள் கூடுதலாக வரும். எல்லாம் ஒரே குடும்பம், காதுக்கு இனிமைதான்.

இரண்டு சுரம் சேர்ந்து போனால்? அ ஒரு சுரம், ஆ இன்னொரு சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அ+ஆ)² = அ² + 2அஆ + ஆ². எட்டாம் வகுப்பில் நடுவில் உள்ள 2அஆவை எழுத மறந்து மதிப்பெண் இழந்தவர்களில் நானும் ஒருவன். இங்கே அதை மறக்க ஆம்ப் விடாது. இரண்டு அலைகளைப் பெருக்கினால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டிய சுரம் ஒன்றும் கழித்த சுரம் ஒன்றும் பிறக்கும். யாரும் வாசிக்காத சுரங்கள் அவை.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். கிதாரில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே இணைந்து போகும் சி ஷார்ப், ஃப்ரெட்டுகளின் (கிதார் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகளின்) கணக்குப்படி 554.4. கழித்தால் 114.4. குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் ஏ சுரத்தில்தான் நிற்பார்; அது 55 ஹெர்ட்ஸ், அதன் மடங்கான 110-ம் கூடவே ஒலிக்கும். ஆம்புக்குள்ளிருந்து கிளம்பிய பேய்ச் சுரமோ 114.4. இரண்டும் வினாடிக்கு நாலைந்து தடவை மோதிக்கொள்ளும். கனத்தின் கணக்கில் இன்னொன்று வரும்: 440-ஐ இரட்டித்து 554.4-ஐக் கழித்தால் 325.6. பக்கத்தில் இருக்கும் ஈ சுரம் 329.6. அதுவும் பிசகு. இப்படி டஜன் கணக்கில் பிசகிய சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்தால் கேட்பது இசையாக இருக்காது, சேறாக இருக்கும். டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகிவைத்து இரண்டு கம்பியில் இந்த ஜோடியை மீட்டிப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன்.

அப்படியானால் ராக் இசை முழுக்க ஒலிக்கும் பவர் கார்டு (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதில் இருப்பது ச-வும் ப-வும் மட்டும். அதிர்வெண் விகிதம் கிட்டத்தட்ட 2:3. 110-ம் 165-ம் என்று கொள்ளுங்கள். கழித்தால் 55, கூட்டினால் 275, இரட்டித்துக் கழித்தால் 55 அல்லது 220. எல்லாமே 55-இன் மடங்குகள்! சேறு வர வழியே இல்லை. அதோடு ஒரு போனஸ். கிதாரின் மிகத் தடித்த கம்பியே 82.4 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது; ஆனால் ஆம்ப் அதற்கும் கீழே 55 ஹெர்ட்ஸை இலவசமாக உண்டாக்கித் தருகிறது. பவர் கார்டு நெஞ்சில் இடிப்பதற்கு அந்த இலவசமும் ஒரு காரணம்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். ஒருவர் அ-வைத் தன் ஆம்பில் வாசிக்கிறார், இன்னொருவர் ஆ-வைத் தன் ஆம்பில். முதல் ஆம்பிலிருந்து அ² வரும், இரண்டாவதிலிருந்து ஆ² வரும். இரண்டும் காற்றில் சேரும். காற்று கூட்ட மட்டுமே செய்யும்; இந்தச் சத்த அளவில் அது பெருக்குவதில்லை. ஆக 2அஆ பிறக்க இடமே இல்லை. உறுமலும் உண்டு, இணைச்சுரமும் உண்டு, சேறு மட்டும் இல்லை. இரண்டாவது ஆளின் சம்பளத்துக்கு ஒரு பகுதி நியாயம் இதுதான்.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவில் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும், விஷ்போன் ஆஷில் ஆண்டி பவலும் டெட் டர்னரும், 1974-இல் தின் லிஸியில் சேர்ந்த ஸ்காட் கோர்ஹமும் பிரையன் ராபர்ட்சனும், அப்புறம் அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரேயும் ஏட்ரியன் ஸ்மித்தும், எல்லோரும் இந்தக் காணாமல் போன 2அஆவின் பயனாளிகள். ஏசி/டிசி குழுவின் யங் சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். மால்கம் தன் ஆம்பைப் பெருமளவு சுத்தமாகவே வைத்துக்கொண்டார். அதனால்தான் மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்த முழுக் கார்டுகளை வாசித்தும் அவை தெளிவாக ஒலித்தன. தெரிந்து செய்தாரோ, காதை நம்பிச் செய்தாரோ, இயற்பியல் ஒன்றுதான்.

தெரிந்தே செய்தவர் குயீன் குழுவின் பிரையன் மே. ஒரே ஆளாகக் கிதார் கூட்டத்தையே ஒலிப்பதிவு செய்தவர். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினார். மேடையில் தன் எதிரொலியோடு தானே இணைந்து வாசித்தபோதும், எதிரொலிகளைத் தனித்தனி ஆம்புக்கு அனுப்பினார். 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவரிடம் இதை எதிர்பார்க்கலாம்தானே.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்தப் பேய்ச் சுரம் ஆம்ப் பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி. வயலினில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து இழைத்தால் மூன்றாவதாக ஒரு சுரம் கேட்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய வயலின் கலைஞர் ஜுசெப்பே தார்த்தீனி எழுதிவைத்தார். அதில் பெரும்பங்கு பெருக்கல் வேலையைச் செய்வது நம் காது. உட்செவியின் மயிரணுக்களும் நேர்மையான ஆம்ப் இல்லை. 1978-இல் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர், காது ஒலியைக் கேட்பதோடு நிற்காமல் திருப்பி வெளியேயும் அனுப்புகிறது என்று காட்டினார். இன்று பிறந்த குழந்தையின் கேட்கும் திறனைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று இது: காதுக்குள் இரண்டு சுரங்களை விடுகிறார்கள், விகிதம் சுமார் 1.2. உட்செவி ஆரோக்கியமாக இருந்தால், முதல் சுரத்தை இரட்டித்து இரண்டாவதைக் கழித்த சுரம் திரும்பி வரும். மேலே 325.6 கண்டுபிடித்த அதே கணக்கு. தூங்கும் குழந்தையிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. தார்த்தீனி இன்று ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்திருந்தால் "சமூகப் பயன்" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, ஒரே ஆம்பின் இரண்டு ஓட்டையிலும் இருவரும் செருகலாமா? செருகலாம், ஆம்பின் டிஸ்டார்ஷனைத் தொடாதவரை. அதை முடுக்கினால் இருவரின் அலையும் கூடிய பிறகு வெட்டுப்படும், 2அஆ திரும்ப வந்துவிடும். ஆளுக்கொரு டிஸ்டார்ஷன் பெடலைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஆம்பைச் சுத்தமாக விட்டால் தப்பிக்கலாம். முதலில் வெட்டு, அப்புறம் கூட்டு.