குக்கின் கையெழுத்தும் தெருமுனை லேமினேஷன் கடையும்

போன மாதம் ஒருவர் தன் தாத்தாவின் ரங்கூன் பயண நாட்குறிப்போடு வந்தார். கப்பல் ஏறிய நாளிலிருந்து எழுதியது, நாற்பது தாள் இருக்கும். ஏறக்குறைய எல்லாவற்றையும் தெருமுனைக் கடையில் லேமினேட் செய்து சுருள்கம்பி போட்டிருந்தார். "இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை சார்" என்றார். பழைய ஆவணங்களைச் செப்பனிடும் என்னைப் போன்றவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

லேமினேஷன் வெறும் உறை அல்ல. சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்தே உரிந்து வரும். தாளிலும் மையிலும் உள்ள அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

மையில் அமிலமா என்று கேட்பார்கள். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்தால் கறுப்பு மை கிடைக்கும் என்பது நம் ஊரில் தெரிந்த விஷயம்தான். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் மாசிக்காயைப் பயன்படுத்தினார்கள். துவர்ப்பும் இரும்பும் சேரும்போது கறுப்போடு கொஞ்சம் கந்தக அமிலமும் உண்டாகும். ஈரம் பட்டால் மிஞ்சிய இரும்பு பரவித் தாளை அரிக்கும். எழுத்து இருந்த இடத்தில் கோடு கோடாக ஓட்டை விழுந்த பத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் தாத்தாக்கள் பவுண்டன் பேனாவில் ஊற்றிய ப்ளூ-பிளாக் மையிலும் பல இந்த வகைதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் காலத்தில் கப்பல்களில் எழுதியதும் இப்படிப்பட்ட மையில்தான். 1768 ஆகஸ்டில் பிளிமத்தை விட்டு 1771 ஜூலையில் இங்கிலாந்து திரும்பும்வரை, எண்டெவர் கப்பலில் அவர் தன் கையால் எழுதிய நாட்குறிப்பு 700 பக்கத்துக்கு மேல். ஆஸ்திரேலிய அரசு 1923-இல் லண்டன் ஏலத்தில் எடுத்தது; இன்று கான்பெர்ராவில் உள்ள தேசிய நூலகத்தின் கையெழுத்துப் படிகளின் வரிசையில் எண் 1. உப்புக்காற்று, ஒழுகும் கப்பல் எல்லாவற்றையும் தாண்டி இன்றும் புரட்டக்கூடிய நிலையில் இருக்கிறது. அன்றைய காகிதம் கந்தல் துணியை அரைத்துச் செய்தது என்பது ஒரு முக்கியக் காரணம். மரக்கூழில் செய்த 1940-களின் நோட்டுப் புத்தகம் அதற்குள் அப்பளமாக நொறுங்குகிறது.

தாளை விடுங்கள், அதில் இருப்பதைப் பாருங்கள். கப்பல் கணக்கில் நாள் நள்ளிரவுக்குக் காத்திராமல் அதற்கு முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும். மேற்கே சுற்றி வந்தால் தேதி ஒரு நாள் பின்தங்கும்; குக் அதையும் திருத்தவில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முதலில் தென்பட்ட காலையை அவர் 1770 ஏப்ரல் 19 என்று எழுதினார். அந்த ஊர்க் கணக்கில் அது 20. மாலையில் நடந்தவற்றுக்கு மட்டும் இரண்டு பிசகும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தேதி சரியாகவே அமைந்துவிடும்! ஜூன் 11 இரவு பவளத்திட்டில் கப்பல் மோதியது அப்படி ஒன்று. எடையைக் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். 1969-இல் அவை அகப்பட்டன.

நாட்குறிப்பில் எனக்குப் பிடித்த இடம், ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையின் விரிகுடாவான பாட்டனி பே பற்றியது. திருக்கை மீன் ஏராளமாகக் கிடைத்ததால் குக் முதலில் அதைத் திருக்கைத் துறைமுகம் என்றுதான் அழைத்தார். கப்பலில் வந்த தாவரவியலாளர்கள் பேங்க்ஸும் சொலாண்டரும் சேகரித்த செடிகளை எண்ணி, பிறகு அடித்துத் திருத்திப் பாட்டனி ஆக்கினார். குமாஸ்தா ஆர்ட்டன் போதையில் தூங்கும்போது யாரோ அவர் காதுகளை நறுக்கிய கதையும் இதில் உண்டு. அந்த ஆர்ட்டன்தான் நாட்குறிப்பைப் படியெடுத்தவர்!

1773-இல் ஹாக்ஸ்வொர்த் என்பவர் இதையும் பேங்க்ஸின் குறிப்பையும் கலந்து, குக்கே பேசுவதுபோல "நான்" என்று எழுதிப் புத்தகமாக்கினார். குக் அப்போது இரண்டாம் பயணத்தில் நடுக்கடலில் இருந்தார். பிறகு படித்துப் பார்த்துச் சங்கடப்பட்டார். கையெழுத்து பிழைத்ததால்தான் எது குக், எது ஹாக்ஸ்வொர்த் என்று இன்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

நம் வீடுகளிலும் ஹாக்ஸ்வொர்த்துகள் உண்டு. தாத்தாவின் "எழுத்துப் பிழை"களைத் திருத்தி டைப் செய்துவிட்டு, மூலத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்களை எனக்குத் தெரியும். டைப் செய்யுங்கள், போட்டோவும் எடுங்கள். மூலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். செல்லோடேப் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அமிலமில்லாத காகித உறையில், மடிக்காமல், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். நம் மழைக்கால ஈரம் அங்கேதான் முதலில் ஏறும்.

ரங்கூன் நாட்குறிப்பில் லேமினேட் ஆகாமல் தப்பியவை மூன்று தாள். "வெறும் செலவுக் கணக்கு சார், அதுக்கு எதுக்கு காசு" என்று விட்டாராம். இப்போது அவை என் மேசையில் இருக்கின்றன. ஒன்றில் வீட்டுக்கு அனுப்பிய பணத்தை எழுதி, அடித்து, குறைத்து எழுதியிருக்கிறார் தாத்தா. அடித்த தொகையை வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறது.