புரை முத்தட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"இப்ப வேணாம் டாக்டர், இன்னும் கொஞ்சம் முத்தட்டும். முத்தின பிறகு எடுத்தாத்தான் சுத்தமா வரும்னு சொல்றாங்க."

கண்புரை இருக்கிறது என்று சொன்னதும் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். இதைச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்ல. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார், மருந்துக்கடை வைத்திருப்பவர் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஒரு டாக்டர் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருப்பார். அன்றைக்கு அது சரியான ஆலோசனை. இன்றைக்கு அது கண்ணுக்குக் கேடு.

அன்றைக்கு ஏன் சரி? அப்போது கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தின் ஓரத்தில் ஏறக்குறைய அரைவட்டத்துக்கு வெட்டி, புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். உள்ளே வேறு லென்ஸ் வைக்கிற வழக்கம் இல்லை. தையல் போட்டு, தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்து மற்றக் கண் நன்றாக இருந்தால், இரண்டு கண்ணும் இரண்டு அளவில் பார்க்கும். மூளையால் அவற்றை ஒன்று சேர்க்க முடியாது. படியில் கால் வைக்கக்கூடத் தடுமாறுவார்கள். அதனால் இரண்டு கண்ணும் ஓரளவு போன பிறகு வாருங்கள் என்று டாக்டர்களே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த நிலையை மாற்றியது கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் பிளாஸ்டிக் துணுக்குகள் புகுந்திருந்தன. கண் அவற்றைச் சலனமில்லாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார் பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி. 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாகப் பொருத்தினார். 1967-ல் அமெரிக்காவில் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நாம் 'பேக்கோ' என்று சொல்வது அதைத்தான். நம் ஊர் ஏழைக்கு இந்த லென்ஸ் எட்டியதற்கு மதுரைதான் முக்கியக் காரணம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அதன் ஆரோலேப் நிறுவனம் லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. இறக்குமதி லென்ஸின் விலையைக் கேட்டே திரும்பிப் போனவர்களுக்கு அதன் பிறகுதான் வழி பிறந்தது.

முறை மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

முத்துவது என்றால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? கருமணிக்கு, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதற்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. இருந்தால் ஒளி தடைபடும். தோலும் நகமும் பழையதை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளரும், லென்ஸுக்கு அந்த வசதி இல்லை. வாழ்நாள் முழுக்க அதன் ஓரத்தில் புதிய இழைகள் உருவாகின்றன. பழைய இழைகள் நடுவே நெருக்கித் தள்ளப்படுகின்றன. உங்கள் லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம், நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது. எழுபது எண்பது வருஷம் வெயிலையும் சர்க்கரையையும் சுவாசத்தின் ரசாயன மாற்றங்களையும் தாங்கிக்கொண்டு அதே புரதம்தான் நிற்கிறது. நாற்பதை ஒட்டி லென்ஸின் நெகிழ்வு குறைகிறது. செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க ஆரம்பிக்கிறோம், வெள்ளெழுத்துக் கண்ணாடி வருகிறது. அதன் பிறகு புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, இறுகிப் போகிறது. ஆகவே புரை என்பது கண்ணின் மேல் வளரும் சதை அல்ல. வெளியிலிருந்து எதுவும் வந்து படிவதும் இல்லை. நம்மோடு பிறந்த லென்ஸேதான் மங்குகிறது.

இந்த இறுகலின் நடுவில் ஒரு வேடிக்கை நடக்கும், அதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பூ கட்டி விற்கும் பாட்டி ஒருவர், பேத்தி வற்புறுத்தியதால் வந்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லைய்யா. பத்து வருஷமா கண்ணாடி இல்லாம ஊசி கோக்க முடியாது. இப்ப ஆறு மாசமா கண்ணாடியே வேண்டியதில்ல. சாமி கண்ணைத் திருப்பிக் குடுத்துடுச்சு" என்றார். பேத்தி குறுக்கிட்டார்: "பஸ் போர்டு தெரியலை டாக்டர். எதிர்ல வர்ற எங்க அப்பாவையே யாருன்னு கேக்கறாங்க." ஸ்லிட் லேம்ப் கருவியில் ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பார்த்தால் லென்ஸின் நடுப்பகுதி தேன் நிறத்தில் இருந்தது. நடுக்கரு இறுகும்போது லென்ஸின் பவர் கூடும்; கண் கிட்டப்பார்வைக்கு மாறும். அதனால்தான் கிட்டத்தில் இருப்பது தானாகத் தெளிகிறது, தூரம் போகிறது. சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோ நிற்கும், பிறகு கிட்டமும் மங்கும். அறுபதைத் தாண்டியவருக்குத் திடீரென்று வாசிப்புக் கண்ணாடி தேவைப்படாமல் போனாலோ, கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினாலோ அது புரை வளர்வதன் அடையாளம். கொண்டாடுவதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நிறமும் மாறும். பழுப்பேறிய லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடும். கருநீலப் புடவையைக் கறுப்பு என்று பீரோவுக்குள் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்ததும் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல சுவர் வெள்ளையா இருக்கு, அந்தக் கண்ணுல டீ ஊத்தின மாதிரி இருக்கு" என்பார்கள். நாங்கள் சொல்லிப் புரியாத விஷயம் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இனி காத்திருப்பதன் விலை. பேக்கோ கருவிக்கு ஆரம்பப் புரை இளநீர் வழுக்கை. முத்திப் பழுத்த புரை கொப்பரை. கொப்பரையை உடைக்க அதிக நேரம் அதிர்வைச் செலுத்த வேண்டும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களைத் தாக்கும். அந்தச் செல்களின் வேலை கருவிழி நீர்கோத்துவிடாமல் காப்பது. செத்தால் புதிதாக முளைக்காது. ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவிழியே வெளுத்துவிடும், பிறகு கருவிழி மாற்று சிகிச்சை வரைக்கும் போகும். மிகவும் முத்தியதை 6, 7 மில்லிமீட்டர் அளவில் வெட்டித் தையலில்லாமல் முழுதாக எடுக்கும் முறையும் உண்டு. நம் ஊரில் அதைத் திறமையாகச் செய்கிறார்கள், அதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் 2, 3 மில்லிமீட்டர் துளையில் முடிந்திருக்க வேண்டியதை அந்த இடத்துக்குக் கொண்டுபோக எந்தத் தேவையும் இல்லை.

இன்னொரு விலை இதைவிடக் கொடியது. முத்திய லென்ஸ் சிலருக்கு நீர் ஊறி உப்பும். சிலருக்கு உள்ளிருந்து புரதம் கசியும். இரண்டிலும் கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு, கண்ணழுத்தம் எகிறும். வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம் 50-ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். கிராமத்திலிருந்து ஒரு பெரியவரை அவருடைய மகன் கூட்டிவந்தார். கண் சிவந்து, தலை பிளக்கும் வலி, வாந்தி. வாந்தி இருந்ததால் பித்தம் என்று நினைத்து உள்ளூரில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு வாரத்தைக் கழித்திருக்கிறார்கள். இருட்டறையில் டார்ச் அடித்து, "வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருதுங்கய்யா?" என்று கேட்டேன். முத்திய புரை இருந்தாலும் விழித்திரையும் நரம்பும் உயிரோடு இருந்தால் மேலே, கீழே, மூக்குப் பக்கம் என்று சரியாகச் சொல்வார்கள். அவர் டார்ச் எரிகிறதா என்றே கேட்டார். லென்ஸை எடுத்தோம், அழுத்தம் இறங்கியது, வலி போனது. பார்வை வரவில்லை, பார்வை நரம்பு அந்த ஒரு வாரத்தில் செத்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் முகாமில் "புரை இருக்கு, வாங்க" என்று எழுதிக் கொடுத்த சீட்டை மகன் பத்திரமாக வைத்திருந்தார். முத்தட்டும் என்று பெரியவர்தான் சொன்னாராம். மற்றக் கண்ணை உடனே செய்துவிட்டோம், அது நன்றாக இருக்கிறது.

புரை இருப்பவருக்கு ஒரு கண் திடீரென்று சிவந்து, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அது விடியும்வரை பொறுக்கிற விஷயம் அல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரை முன்கூட்டியே வருவதோடு, விழித்திரையில் ரத்தக்கசிவும் வரலாம். புரை திரையாக மறைத்துக்கொண்டிருந்தால் பின்னால் நடப்பது எனக்கும் தெரியாது. லேசர் சிகிச்சையும் அதைத் தாண்டிப் போகாது. புரையால்தான் தெரியவில்லை என்று நினைத்துக் காத்திருந்து, எடுத்துப் பார்த்தால் விழித்திரை கெட்டுப்போயிருக்கும்.

அதற்காகப் புரை என்று எழுதிய அன்றைக்கே மேஜையில் படுக்க வேண்டியதில்லை. ஆரம்பப் புரையோடு கண்ணாடியை மாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் வேலை தடைபடுகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசி, சாலையே தெரியவில்லை என்கிற லாரி ஓட்டுநருக்கு, எழுத்துப் பலகையில் இரண்டு வரி மட்டுமே குறைந்திருந்தாலும் செய்துவிடுவேன். அதே அளவு புரையோடு, டி.வி. பார்ப்பதிலும் நடப்பதிலும் சிரமமில்லை என்கிற தாத்தாவை ஆறு மாதம் கழித்து வரச் சொல்வேன். வீட்டில் யாராவது குளியலறையில் இரண்டு முறை இடறி விழுந்திருந்தால், இடுப்பெலும்பு முறிவதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள். பெண்கள் விஷயத்தில் எனக்கு நிறைய ஆதங்கம் உண்டு. கணவருக்கு இரண்டு கண்ணும் முடிந்து, பேரன் காதுகுத்து முடிந்து, அறுவடை முடிந்து, அதன் பிறகுதான் அம்மாக்கள் வருகிறார்கள், பெரும்பாலும் கொப்பரையோடு. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று அவர்கள் சொன்னால் பிள்ளைகள் அதைக் காதில் வாங்க வேண்டும்.

புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. கண் பயிற்சியும் கரைக்காது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து, புரையைவிடப் பெரிய துன்பத்தில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிப்புக்கும் சிவப்புக்கும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். மூட்டுவலிக்குப் பொட்டலத்தில் கட்டித் தரும் பெயரில்லாத மாத்திரைகளிலும் இருக்கலாம். ஸ்டீராய்டு இளைஞர்களுக்கும் புரையை வரவழைக்கும், கண்ணழுத்தத்தையும் ஏற்றும். புகை பிடிப்பதும் புரையை முன்கூட்டியே கொண்டுவரும்.

எந்த லென்ஸ் வைப்பது என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. விலை கூடியதை வைத்தால்தான் அப்பாவின் மேல் பாசம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் தூரத்தை மிகத் தெளிவாகக் காட்டும், வாசிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கிட்டம் தூரம் இரண்டையும் காட்டும் பல்குவிய லென்ஸில் இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். விழித்திரைக் கோளாறோ கண்ணழுத்த நோயோ இருப்பவருக்கு அதைப் பெரும்பாலும் பரிந்துரைக்க மாட்டேன். கடன் வாங்கி வைக்க வேண்டிய லென்ஸ் என்று ஒன்று கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் லென்ஸோடு ஆபரேஷன் இலவசம். "லேசர்தானே பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு: பேக்கோ லேசர் அல்ல, மீயொலி. ஆபரேஷனுக்கு நல்ல பருவம் என்றும் ஒன்றில்லை. கத்தரி வெயிலிலும் செய்யலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு மீன், முட்டை, புளி எதையும் ஒதுக்கத் தேவையில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் போதும். கண்ணைக் கசக்கக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது. சொட்டு மருந்து விடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தெரிந்துகொண்டிருந்த கண் மங்கினாலோ, வலியும் சிவப்பும் கூடினாலோ அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும். கிருமித்தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மாதங்களோ வருஷங்களோ கழித்து வலியில்லாமல் மெல்ல மங்கினால் பெரும்பாலும் புது லென்ஸைத் தாங்குவதற்காக விட்டுவைத்த பழைய லென்ஸின் பின்னுறை மங்கியிருக்கும். "புரை திரும்ப வளந்துடுச்சு" என்று பயப்படுகிறார்கள். வளராது. உறையில் லேசரால் ஒரு சிறு வாசல் திறந்தால் சரியாகிவிடும், சில நிமிஷ வேலை.

பரிசோதனைக்கு வரும்போது பழைய கண்ணாடி, சர்க்கரைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். சிறுநீர்ப் பிரச்சினைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும், ஆபரேஷனில் கருமணி சுருங்கிச் சிரமம் தரும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருமணியை விரிக்கச் சொட்டு விடுவோம், சில மணி நேரம் கண் கூசும், அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வராமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.