இரண்டு கணினிகள், எட்டுக் கம்பிகள்

ஒரே மேசையில் பழைய கணினியும் புதிய கணினியும் இருக்கின்றன. பழையதில் உள்ள படங்கள், வீடியோக்கள் எல்லாம் சேர்ந்து 100 ஜிபி. அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பலருக்கும் முதலில் தோன்றும் வழி, இணையத்தில் எங்காவது ஏற்றிவிட்டு அங்கிருந்து இறக்கிக்கொள்வது. சின்னக் கோப்புக்கு அது சரி. 100 ஜிபிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற முடிகிறது என்று வைத்துக்கொண்டால், ஏற்றி முடிக்கவே 11 மணி நேரம் தாண்டும். இறக்கும் நேரம் தனி. அருகருகே இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இது தேவையே இல்லை. கணினியை ரவுட்டரோடு இணைக்கும் ஒரு சாதாரண ஈதர்நெட் கேபிளில் இதே வேலை கால் மணி நேரத்தில் முடியும்.

முடியும் என்றாலும் பல வீடுகளில் முடிவதில்லை. கேபிள் செருகிய பிறகும் இரண்டரை மணி நேரம் ஆகிறது. ஏன் என்று பார்ப்பதற்கு முன் ஓர் அளவுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 1 ஜிகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 125 மெகாபைட். முகவரி முதலான கூடுதல் விவரங்களும் அதே கம்பியில் போவதால், கோப்புக்குக் கிடைப்பது 110 முதல் 118 மெகாபைட் வரை.

கோப்பு போகும் பாதை இது: பழைய கணினியின் வட்டிலிருந்து அதன் நினைவகம், அங்கிருந்து நெட்வொர்க் கார்டு, கேபிள், ரவுட்டர், மறுபடி கேபிள், புதிய கணினியின் நினைவகம், கடைசியில் அதன் வட்டு. எல்லாக் கட்டங்களும் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். எது மெதுவானதோ, மொத்த வேகமும் அதுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது 100 முதல் 200 மெகாபைட் வரை தரும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டில் சாட்டா வகை 500ஐத் தாண்டும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை நொடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட். ஆக, ஜிகாபிட் கேபிள் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது. இந்தப் பாதையில் இணையம் எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தரவை ரவுட்டர் ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) வாங்கி இன்னொரு போர்ட்டில் விடுகிறது, அவ்வளவுதான். இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் இது நடக்கும். டேட்டா வரம்பிலும் ஒரு பைட்கூடக் குறையாது.

இப்போது கேபிளுக்கு வருவோம். இந்த மொத்த விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கும். முறுக்குவதற்குக் காரணம் உண்டு. ஜோடியின் ஒரு கம்பியில் போகும் மின்னழுத்தத்துக்கு நேர்மாறானது மற்றதில் போகும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால், பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும்.

பழைய 100 மெகாபிட் ஈதர்நெட் இந்த நான்கில் இரண்டு ஜோடிகளை மட்டும் பயன்படுத்தியது. ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு. 1999இல் தரநிலையான ஜிகாபிட் ஈதர்நெட் நான்கையும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி முறை மின்னழுத்தம் மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் 2 பிட்டைச் சுமக்கிறது. ஒரு ஜோடிக்கு 250 மெகாபிட், நான்குக்கு 1,000. இன்னும் வியப்பானது, ஒவ்வொரு ஜோடியிலும் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் தரவு போகிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டே அடுத்தவர் சொல்வதையும் தெளிவாகக் கேட்பது மாதிரி. கம்பியில் தான் இப்போது என்ன அனுப்பினோம் என்பது ஒவ்வொரு முனைக்கும் தெரியும். கம்பியில் இருக்கும் மொத்தச் சமிக்ஞையிலிருந்து தன் பங்கையும் அதன் எதிரொலியையும் கழித்துவிட்டால், மீதி எதிர்முனை அனுப்பியது. மலிவான ஒரு சிப் இந்தக் கழித்தலை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை செய்கிறது.

இதனால்தான் எட்டில் ஒரு கம்பி கெட்டாலும் ஜிகாபிட் போய்விடுகிறது. பிளக்கில் ஒரு முனை சரியாகத் தொடாவிட்டாலும் போதும். 100 மெகாபிட்டுக்குத் தேவையான இரண்டு ஜோடிகளும் நன்றாக இருந்தால், பெரும்பாலான கருவிகள் அப்போது இணைப்பைத் துண்டிக்காமல் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும், பத்து மடங்கு மெதுவாக. கோப்பு நகலெடுக்கும்போது வேகம் 11, 12 மெகாபைட்டில் அசையாமல் நிற்கிறதா? வட்டைச் சந்தேகப்படாதீர்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் ரவுட்டரின் போர்ட்டுகளே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். மேலே சொன்ன இரண்டரை மணி நேரத்துக்கான காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

கோப்பு முழுசாக ஒரே ஓட்டமாகப் போவதில்லை. கணினிகள் தரவை அனுப்பவும் வாங்கவும் பின்பற்றும் டிசிபி என்னும் நெறிமுறை அதை 1,460 பைட் அளவுள்ள துண்டுகளாக்குகிறது. 100 ஜிபிக்கு ஏறக்குறைய 6.85 கோடி துண்டுகள். டிசிபியின் அடிப்படையைக் கணினி அறிஞர்கள் விண்ட் சர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்டார்கள். அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. இதுவரை இவ்வளவு வந்து சேர்ந்தது என்று மறுமுனை சொல்லிக்கொண்டே இருக்கும். வழியில் சிதைந்த துண்டை நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். வரிசையில் விடுபட்டதை டிசிபி கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தால் வேலை ஆகாது என்பதால், பல துண்டுகளை முன்கூட்டியே அனுப்பி வைக்கும். எவ்வளவு முன்கூட்டி என்பதைத் தொடக்கத்தில் சிறிதாக வைத்து, இழப்பு இல்லாதவரை வேகமாக ஏற்றிக்கொண்டே போகும்.

வைஃபையில் கதை வேறு. கேபிளில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபையிலோ ஓர் அலைவரிசையில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். மற்றவை அமைதியாக இருக்கின்றனவா என்று கவனித்து, கொஞ்சம் தற்செயலான நேரம் காத்திருந்து, பிறகுதான் அனுப்பும். இந்தக் காத்திருப்பும், வந்து சேர்ந்தது என்று மறுமுனை அனுப்பும் ஒப்புகைகளும் கணிசமான நேரத்தைத் தின்றுவிடும். எனவே 867 மெகாபிட் என்று கணினி காட்டினாலும், அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே நல்ல நிலை. இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் இன்னொரு அடி விழும். தரவு முதலில் பழைய கணினியிலிருந்து ரவுட்டருக்குக் காற்றில் போகும், பிறகு ரவுட்டரிலிருந்து புதிய கணினிக்கு மறுபடி அதே காற்றில் போகும். ஒரே துண்டு இரண்டு முறை இடம் பிடிப்பதால் மீதியிருக்கும் வேகமும் பாதியாகும். இரண்டில் ஒன்றை மட்டுமாவது கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். காற்றில் போகும் பயணம் ஒன்றாகக் குறையும்.

ரவுட்டரே இல்லாமல், ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் இரண்டு கணினிகளில் செருகினாலும் போதும். முன்பு இதற்கு உள்ளே கம்பிகளை மாற்றிக் கட்டிய தனிக் கேபிள் தேவைப்பட்டது. இன்றைய ஜிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கம்பி எதற்கு என்பதைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. முகவரி தர ரவுட்டர் இல்லையே? ஒவ்வொரு கணினியும் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, இதை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா என்று கேபிளில் கேட்கும். பதில் வராவிட்டால் அதையே வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் செவ்வக யுஎஸ்பி முனை உள்ள சாதாரணக் கேபிளால் மட்டும் இப்படி இணைக்க வேண்டாம். அந்த வகை இணைப்பில் ஒரு பக்கம் தலைமை, மறுபக்கம் துணை. இரண்டும் தலைமையாக நின்றால் பேச்சு நடக்காது, இரண்டும் மின்சாரம் கொடுக்க முயல்வதால் சேதமும் வரலாம். தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்புக்கான போர்ட்டுகள் இரண்டு கணினிகளிலும் இருந்தால் அந்தக் கேபிள் தாராளமாக நெட்வொர்க்காக வேலை செய்யும், ஜிகாபிட்டைவிடப் பல மடங்கு வேகமாக.

பென் டிரைவ் வழியாக மாற்றினால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு முறை எழுதி, ஒரு முறை படிக்க வேண்டும். மலிவான பென் டிரைவ்கள் முதல் சில ஜிபிக்கு வேகமாக எழுதிவிட்டு அப்புறம் படுத்துவிடும். டிரைவ் ஃபேட்32 என்னும் கோப்புச் சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபி கோப்பே ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். கோப்பின் அளவைக் குறிக்க அதில் 32 பிட்தான் உண்டு. 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் எழுத எண்ணே இல்லை. எக்ஸ்ஃபேட் வடிவில் இந்தத் தடை இல்லை. ஆனால் வடிவத்தை மாற்றினால் டிரைவில் உள்ளது அழியும். யுஎஸ்பி 3 இணைப்புள்ள நல்ல வெளி எஸ்எஸ்டி கையில் இருந்தால், இரண்டு முறை நகலெடுத்தும் ஜிகாபிட் கேபிளை முந்திவிடலாம். இரண்டு கணினிகளிலும் வேகமான போர்ட்டும் வட்டும் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

100 ஜிபி ஒரே கோப்பாக இருப்பதும் ஒரு லட்சம் கோப்புகளாக இருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் மறுபக்கத்தில் பெயர் உருவாக்கி, திறந்து, எழுதி, மூடி, தேதியைப் பதிய வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் தலை ஒவ்வொன்றையும் தேடிப் போக 10 மில்லிநொடி எடுத்தாலே, லட்சம் கோப்புகளுக்கு 16 நிமிடத்துக்கு மேல் தேடலிலேயே போகும். டார் போன்ற நிரல் எல்லாவற்றையும் ஒரே ஓடையாகக் கட்டிக்கொண்டே அனுப்பிவிடும். இதனால் கோப்புக்குக் கோப்பு நெட்வொர்க்கில் நடக்கும் பேச்சுவார்த்தை குறையும். படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால், அவற்றை மேலும் சுருக்க முயல்வது நேரத்தை வீணாக்கும்.

பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? சாதாரண நகலெடுப்பு பெரும்பாலும் அந்தக் கோப்பை முதலிலிருந்து தொடங்கும். இதற்குத்தான் ஆர்சிங்க் என்னும் நிரல். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டது. விண்டோஸ் அல்லாத கணினிகளும் விண்டோஸோடு ஃபோல்டர்களைப் பகிர வழிசெய்த சாம்பாவைத் தொடங்கியவரும் இதே டிரிட்ஜெல்தான். ஆர்சிங்கில் வாங்கும் கணினி தன்னிடம் உள்ள அரைகுறை கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி தன் கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து அந்தத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று தேடும். ஒவ்வொரு நகர்வுக்கும் புதிதாகக் கூட்டுவதில்லை. வெளியேறும் பைட்டைக் கழித்து, உள்ளே வரும் பைட்டைக் கூட்டினால் அடுத்த எண் கிடைத்துவிடும். எண் பொருந்தினால் இன்னும் கடுமையான இரண்டாவது சோதனை. அதிலும் தேறிய துண்டுகளை அனுப்புவதில்லை, மறுபக்கம் இல்லாததை மட்டும் அனுப்பும். அரைகுறை கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும்படி முன்பே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நகலெடுத்து முடிந்தது என்று திரையில் வந்ததும் மூலத்தை அழிக்க வேண்டாம். டிசிபியின் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட். அதோடு வழியில் நடக்கும் பிழைகளைத்தான் அது பார்க்கும். நினைவகத்திலோ வட்டிலோ ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. இரண்டு கணினிகளிலும் அந்தக் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 என்னும், கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. 64 எழுத்துகள் கொண்ட விடை வரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அது முழுக்க வேறாகிவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பழைய கணினியில் உள்ளதைத் தயங்காமல் அழிக்கலாம்.