கோடாலித் தைலத்துக்கு இடமுண்டு, இன்சுலினுக்கு?

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்கு முந்திய வாரங்களில் எங்கள் மருந்தகக் கவுண்டரில் நல்ல கூட்டம் இருக்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஊருக்கு வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்து, இரண்டு கைகளிலும் பைகளோடு வருவார்கள். கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ, சாக்லெட், மாமாவுக்கு டார்ச் விளக்கு. பெட்டியை வீட்டில் மூன்று முறை நிறுத்துப் பார்த்திருப்பார்கள். சொந்த மருந்தைப் பற்றிய கேள்வி மட்டும் வாசலை நோக்கித் திரும்பும்போதுதான் வரும்: “இதைப் பெட்டியிலேயே போட்டுவிடலாம் அல்லவா?”

கூடாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் ஐயாவின் கதையைச் சொல்வேன். எழுபதை நெருங்கியவர்; இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உறவுக்காரத் திருமணத்துக்காகக் கும்பகோணம் புறப்பட்டார். இன்சுலின் குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு, சிரிஞ்சுகளை மட்டும் கைப்பையில் எடுத்துச் சென்றார். அவர் போய்ச் சேர்ந்தார், பெட்டி சேரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. இடையில் உள்ளூர்க் கடையில் அதே பெயருள்ள இன்சுலின் குப்பியை வாங்கி, வழக்கம்போல் 20 யூனிட் கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கல்யாணச் சாப்பாட்டின்மேல் பழியைப் போட்டு, பாயசத்தையும் நிறுத்திவிட்டார். பாவம், பாயசத்தின்மேல் குற்றமில்லை.

சிங்கப்பூரில் நாம் வாங்கும் வழக்கமான இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கும். இந்தியாவில் விற்கும் குப்பிகளில் பல 40 யூனிட் வகை. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. ஐயா 100 யூனிட் சிரிஞ்சால் 40 யூனிட் மருந்தை இழுத்தார். 20 என்ற கோட்டில் அவருக்குக் கிடைத்தது வெறும் 8 யூனிட்.

இதைத் தலைகீழாகச் செய்தால் ஆபத்து இன்னும் பெரிது. இங்கிருந்து கொண்டுபோன 100 யூனிட் இன்சுலினை, அங்கே வாங்கிய 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரவில் போட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழாமலே போகலாம். எனவே மருந்தும் சிரிஞ்சும் ஒரே ஊரில் வாங்கியவையாக இருக்கட்டும். இரண்டின்மேலும் உள்ள எண்ணைப் படித்து ஒப்பிடுங்கள். பேனா வடிவ ஊசிக் கருவியில் வரும் இன்சுலினுக்கு இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஊசிமுனைகளை மறந்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

பெட்டி தொலையாவிட்டாலும் சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறையக்கூடும். உறைந்து உருகியது பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் பயன்படாது. ஊரில் இறங்கியபின் எதிரி வெயில். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பாத்திரத்தில் வைக்கலாம். பாட்டி காலத்து அறிவுதான், நன்றாகவே வேலை செய்யும்.

ஆகவே எல்லா மருந்துகளும் கைப்பையில். தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். பெயர்ச்சீட்டு ஒட்டிய பழைய உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினால் பரிசோதனையில் நீங்களே அடையாளம் சொல்லத் திணறுவீர்கள். திரவங்களுக்கான 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டில் பயணத்தின்போது தேவைப்படும் மருந்துக்கு விலக்கு உண்டு. மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். ஊறுகாய்க்கு அந்த விலக்கு இல்லை. சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கிறது. ஊசி, குப்பி என்று விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் கடைகளில் நின்றுவிடாமல் சற்று முன்னதாகவே வாயிலுக்குப் போய்விடுவது நல்லது.

சர்க்கரை அளவைத் தொலைபேசியில் பார்ப்பவர்கள் அதை வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்க் கொண்டு சார்ஜ் செய்ய அனுமதியில்லை. பவர் பேங்கைப் பெட்டியில் போடவும் கூடாது.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதைப் போன்றது. வயிற்றிலுள்ள வாயு விரிவடையும். புறப்படுமுன் கொண்டைக்கடலையும் சோடாவும் வேண்டாம் என்பது அதனால்தான். காது அடைப்பது பெரும்பாலும் இறங்கும்போது. மற்ற ஊர்களில் சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். 1992 முதல் சிங்கப்பூரில் அதன் விற்பனைக்குத் தடை. கல்கண்டு போதும். விழுங்குவதுதான் காதைத் திறக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். சளி பிடித்தவர்கள் மூக்கடைப்பு மாத்திரை கேட்பார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதில் சில ஆகாது, என்னிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, நான் கோபப்படும் ஒரே கேள்வி: “பிள்ளை நான்கு மணி நேரம் தூங்குவதற்கு ஒரு மருந்து கொடுங்களேன்.” மயக்கம் தரும் சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. சில பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு இன்னும் அதிகமாக ஆடுவார்கள். அதற்குப் பதிலாக மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், களைத்துத் தூங்கிவிடும். தாத்தா பாட்டியும் கூடவே நடக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. சென்னைப் பயணமே ஏறக்குறைய அவ்வளவு நேரம். நியூயார்க்குக்கு நேராகப் பறப்பவர்களுக்கோ 18 மணி நேரத்துக்கும் மேல். நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, அவ்வப்போது எழுந்து நடங்கள்.

திரும்பும்போது இன்னொரு சிக்கல். ஊர் மருத்துவர் எழுதிய புதிய மாத்திரையும் இங்குள்ள பழைய மாத்திரையும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருக்கும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை இப்படி இரட்டிப்பாக விழுங்கியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓராண்டுக்கு வாங்கி வரவும் வேண்டாம்; சொந்த உபயோகத்துக்கென்றாலும் மூன்று மாதத் தேவைதான் வரம்பு. சில தூக்க மாத்திரைகளுக்கும் வலுவான வலி மாத்திரைகளுக்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

வந்து இறங்கிய வாரமே அந்த மருந்துப் பையை அப்படியே கொண்டுவந்து கவுண்டரில் கொட்டுங்கள், பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன். முறுக்கு இருந்தால் அதைத் தனிப் பையில் தரவும்.